பதினாலாம் நம்பர் சரிவில் மூன்று நிமிடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கட்டுக்கதை இல்லை. நான் பட்டறைக்காரன். இருபத்திரண்டு வருடமாக வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன். நட்டு கழன்றால் சத்தம் வரும், ஆயில் குறைந்தால் சூடு ஏறும், எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "போய் வேலையைப் பாருப்பா" என்று விரட்டிவிடுவேன். அப்படிப்பட்டவன் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் கையில் ஆதாரம் இல்லாமல் எழுதவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துபோவீர்கள். இது நடந்தது சாயங்காலம் நாலு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்திலிருந்து நாலு ஐம்பத்தைந்து வரை. நல்ல வெளிச்சம். பட்டறையில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம்.

நடந்தது எனக்கு இல்லை, தங்கச்சிக்கு. என் கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் டிரைவிங் வாத்தியாரின் தங்கை என்பதால் பட்டறை மொத்தமும் அவளைத் தங்கச்சி என்றே கூப்பிடும். இதை அவள் என்னிடம் ஒன்பது தடவை சொல்லியிருக்கிறாள். ஒன்பது தடவையும் ஒரு நிமிடம்கூட முன்னே பின்னே மாறவில்லை.

எங்கள் கம்பெனிக்கு மலைமேல் முப்பத்தோரு காற்றாலைகள். தார் ரோடு பாதி மலையோடு நின்றுவிடும். அதற்கு மேலே சரளையும் செம்மண்ணும்தான். ஒவ்வொரு காற்றாலைக்கும் ஒரு தடம், ஒவ்வொரு தடத்திலும் ஒரு செங்குத்துச் சரிவு. அதில் வேலையாட்களை ஏற்றி இறக்கும் டிரைவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் வாத்தியார். பதினெட்டு வருடம் கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்த ஒருவர்கூட வண்டியைக் கவிழ்த்தது கிடையாது.

அவருடைய பாடம் ரொம்பச் சின்னது. நடந்து பார்க்காத சரிவில் வண்டியை விடாதே. ஏறினாலும் இறங்கினாலும் நேராகப் போ, குறுக்கே திருப்பாதே. இறங்கும்போது ஃபோர் வீல் லோ, அதாவது நாலு சக்கரமும் மெதுவாக இழுக்கிற கியர், அதிலும் முதல் கியர். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கிளட்ச்சை மிதித்தால் எஞ்சினின் பிடி விட்டுப்போய் வண்டி தன் பாட்டுக்கு உருள ஆரம்பித்துவிடும். ஆகவே இறக்கத்தில் இடது காலுக்கு வேலையே இல்லை. "இடது காலைப் பின்னால இழுத்து சீட்டுக்கு அடியில வை. அப்படி ஒரு கால் இருக்கறதையே மறந்துடு" என்பார். அவரிடம் படித்த பதினேழு பேரும் இன்றைக்கும் அப்படித்தான் இறங்குவார்கள். புதிதாகப் பார்ப்பவன் இவர்களுக்கெல்லாம் கால் மரத்துப்போய்விட்டதோ என்று நினைப்பான்.

அந்த மனிதர் பதினோரு மாதத்துக்கு முன்னால், ஒரு மழைநாள் சாயங்காலம், பதினாலாம் நம்பர் சரிவில் வண்டியோடு கவிழ்ந்து செத்துப்போனார். கூட இருந்தவர் மேனேஜர் மட்டும்தான். அவருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. தரை காயட்டும் என்று வாத்தியார் சொன்னதும், எனக்கு மீட்டிங் இருக்கிறது இறங்கு என்று மேனேஜர் கத்தியதும் காற்றாலையில் இருந்த ஆட்கள் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் ரிப்போர்ட்டில் மேனேஜர் எழுதியது ஒரே வரி. 'ஓட்டுநர் பதற்றத்தில் கிளட்ச்சை மிதித்தார்.'

வாத்தியார் கிளட்ச்சை மிதித்தாராம்! செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது என்ற தைரியத்தில் பழியை அவர் தலையில் கட்டிவிட்டார்.

அதோடு விட்டாரா? வாத்தியாரிடம் படித்த பதினேழு பேரின் மலை ஓட்டும் அனுமதியையும் ரத்து செய்தார். திரும்ப வேண்டுமென்றால் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 'எனக்குத் தவறாகக் கற்றுக்கொடுக்கப்பட்டது.' பதினாறு பேர் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? பதினேழாவது ஆள் தங்கச்சி. காகிதத்தை நாலாக மடித்து மேனேஜரின் டீ கிளாஸுக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அவளும் அண்ணியும் அண்ணனின் இரண்டு பிள்ளைகளும் ஒரே வீடு. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் அண்ணன் மகனுக்கு 'கிளட்ச்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பையன் ஒருநாள் அழுதுகொண்டே வந்து, "அத்தை, அப்பாவுக்கு நிஜமாவே ஓட்டத் தெரியாதா?" என்று கேட்டான். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"கையெழுத்துப் போட மாட்டே. அப்படித்தானே?"

"மாட்டேன் சார்."

"சரி. உங்கண்ணன் இறங்கத் தெரியாம செத்தான் பாரு, அதே சரிவு. நீ இறங்கிக் காட்டு. நானே பக்கத்துல உட்கார்றேன். ஒரு தப்பு பண்ணினாலும் கையெழுத்தும் போடணும், வேலையும் கிடையாது."

"என்னைக்கு சார்?"

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்தார். "வியாழக்கிழமை" என்றார்.

வியாழன். மூன்று நாற்பது. பட்டறை வாசலில் வண்டி நின்றது. அதே வண்டிதான். கவிழ்ந்த பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி, வெள்ளைக்குப் பதில் பச்சை அடித்து, நான்தான் மறுபடி ஓட வைத்தேன். தங்கச்சி ஓட்டிப் பழகியதும் அதில்தான். அண்ணன் போன பிறகு அன்றுதான் முதல் தடவையாக அதில் ஏறினாள்.

அவள் குள்ளம். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவன் ஆறடி உயரம். சீட்டை முன்னால் இழுப்பதற்குக் கையை அடியில் விட்டாள். இழுக்க வேண்டியிருக்கவில்லை. சீட் ஏற்கெனவே அவள் காலுக்குச் சரியாக முன்னால் இருந்தது. கண்ணாடியைப் பார்த்தாள். அதுவும் அவள் கண் உயரத்துக்குத் திரும்பியிருந்தது. பழகிய நாட்களில் அவள் வருவதற்கு முன்பே அண்ணன் இதையெல்லாம் செய்துவைத்திருப்பார். 'யாரோ தள்ளி வச்சிருக்காங்க' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்று நாற்பத்தாறு. சரளையில் பிடிப்புக் கிடைக்க டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். குனிந்து காற்றழுத்தம் பார்க்கும் கேஜை வைத்தாள். பதினெட்டு. அடுத்த டயர், பதினெட்டு. நாலிலும் பதினெட்டு. என்னைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று காலை எட்டரை மணிக்கு நாலு டயரிலும் முப்பத்திரண்டு வைத்தவன் நான். சரளைக்குப் பதினெட்டு என்பது வாத்தியாரின் கணக்கு. வேறு யாரோ இறக்கியிருப்பார்கள் என்று நானும் சும்மா தலையாட்டி வைத்தேன்.

மேனேஜர் பளபளக்கிற பிரவுன் ஷூவும் செண்ட் வாசனையுமாக வந்து ஏறினார்.

"பெல்ட் போடுங்க சார்."

"டெஸ்ட் நான் உனக்கு வைக்கிறேனா, நீ எனக்கு வைக்கிறியா?"

"போடாம வண்டி நகராது சார்."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கிளம்பினார்கள்.

நாலு பதினெட்டு. ஒன்பதாம் நம்பர் ஏற்றத்தில் பாதி ஏறியிருந்தபோது மேனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் கையை நீட்டிச் சாவியைத் திருப்பிவிட்டார். எஞ்சின் அணைந்தது. "ம்... இப்ப என்ன பண்ணுவே?" என்று சிரித்தார். புதிதாக ஓட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் பதறிப்போய் வண்டியைத் திருப்பப் பார்ப்பார்கள், குறுக்கே சாய்ந்து உருண்டுபோவார்கள். தங்கச்சி திருப்பவில்லை. காலால் பிரேக், கையால் ஹேண்ட் பிரேக். ரிவர்ஸ் கியர். கிளட்ச்சை முழுதாக விட்டாள். கியரிலேயே சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்ததும் பிரேக்குகளை மெல்ல விட்டு, வந்த தடத்திலேயே பின்னால் நேராக இறங்கினாள்.

இறங்கும்போது கண்ணாடியில் ஒரு ஆள் தெரிந்தார்.

சரிவின் அடியில், பனிமூட்டத்துக்குள், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, நேராக வா, நேராக வா என்று காட்டிக்கொண்டிருந்தார். கை லேசாக இடது பக்கம் போனபோது அவள் ஸ்டியரிங்கும் இடது பக்கம் போனது. ஒரு கல் டயரில் இடிக்காமல் விலகியது.

"கீழே யாரு சார்? நீங்க ஆள் போட்டிருக்கீங்களா?"

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். "எங்கே? ஒருத்தரும் இல்லையே."

அவள் மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். பனி மட்டும்தான் இருந்தது.

நாலு முப்பத்துநாலு. பதினாலாம் நம்பர் உச்சி. தலைக்கு மேலே காற்றாலையின் இறக்கை சுற்றும் சத்தம். வூம்... வூம்... வூம்... சரிவை நடந்து பார்க்க அவள் இறங்கினாள். மேனேஜர் வரவில்லை. "ஷூ அழுக்காயிடும்" என்றார்.

இருநூறு மீட்டர் இறக்கம். பாதியில் ஒரு பாறைத் திட்டு. அதன் பக்கத்தில் இன்னமும் கண்ணாடிச் சில்லுகள் கிடந்தன. அண்ணன் கிடந்த இடம். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கோபம். வாய்விட்டே சொன்னாள்:

"அண்ணா... உன் பேரைக் கெடுத்தவனை மேலே கூட்டிட்டு வந்திருக்கேன்."

வூம்... வூம்... வூ...

சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். மூன்று இறக்கைகளும் அசையாமல் நின்றன. அவள் முகத்தில் மட்டும் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. கண்ட்ரோல் ரூம் பதிவில் இன்றும் இருக்கிறது. பதினாலாம் நம்பர் நின்ற நேரம் நாலு நாற்பத்தொன்று, காரணம் தெரியவில்லை.

'அப்படிச் சொல்லிக் கூப்பிட்டதுதான் தப்பாண்ணே?' என்று அவள் பிறகு என்னிடம் கேட்டாள்.

நாலு நாற்பத்தெட்டு. திரும்பி வந்தபோது மேனேஜரின் முகம் வெளுத்திருந்தது.

"வண்டியை ஏன் ஆட்டினே?"

"நான் இப்பத்தான் சார் வர்றேன்."

"யாரோ ஏறின மாதிரி... இந்தப் பக்கம்..." பின்னால் திரும்பிப் பார்த்தார். ஒரு கயிறு, ஒரு மண்வெட்டி, ஸ்டெப்னி டயர். அவ்வளவுதான். "சரி சரி. சீக்கிரம் முடி."

நாலு ஐம்பத்திரண்டு.

ஃபோர் வீல் லோ. முதல் கியர். கட்டை விரல் இரண்டும் ஸ்டியரிங்குக்கு வெளியே. வண்டியின் மூக்கு கீழே சாய்ந்தது. முன்கண்ணாடி முழுக்கச் செம்மண் தரை. வலது கால் பிரேக்கை ஒட்டினாற்போல். இடது கால் சீட்டுக்கு அடியில். எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடித்தது. நடக்கிற வேகம்தான்.

இருபது மீட்டர். முப்பது மீட்டர்.

அப்போது எஞ்சின் சத்தம் சட்டென்று தணிந்தது. வண்டியின் வேகம் மட்டும் ஏறியது.

அவள் குனிந்து பார்த்தாள். கிளட்ச் பெடல் தானாகக் கீழே இறங்கியிருந்தது. அதன்மேல் அவள் கால் இல்லை.

அவளுக்கு உடனே புரிந்தது. இது பயிற்சி வண்டி. சொல்லிக்கொடுப்பவர் காலுக்கென்று பக்கத்து சீட்டிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கம்பியால் இணைத்தவை. அங்கே மிதித்தால் இங்கேயும் இறங்கும்.

"சார்! காலை எடுங்க!"

"நான் மிதிக்கலையே!"

பெடல் மேலே வந்தது. எஞ்சின் மறுபடி உறுமிப் பிடித்தது. வண்டி குலுங்கி வேகம் குறைந்தது. தோற்கடிப்பதற்காக வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எழுபது மீட்டர். நாலு ஐம்பத்து மூன்று.

மறுபடி இறங்கியது. இந்தத் தடவை மெதுவாக... அங்குலம் அங்குலமாக...

"காலை எடுங்க சார்!"

அவள் சொன்ன அதே நொடியில் இன்னொரு குரலும் அதையே சொன்னது. "காலை எடு." ஆண் குரல். அடித்தொண்டையில், அவசரமே இல்லாத குரல்.

பக்கவாட்டில் பார்த்தாள்.

மேனேஜர் தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது கால் விறைத்து நீண்டிருந்தது. தொடை நடுங்கியது. முழங்காலை யாரோ மேலிருந்து அழுத்துவதுபோல அது கீழே போய்க்கொண்டிருந்தது.

"இங்கே எப்படி... இது இங்கே எப்படி வந்துச்சு... கழட்டச் சொன்னேனே..."

அவர் பேசியது அவளிடம் இல்லை.

"எடுக்கறேன் வாத்தியாரே... எடுக்க முடியலை... விடு... காலை விடு..."

வண்டி உருள ஆரம்பித்தது. அவள் பிரேக்கை அழுத்தினாள். சரளையில் டயர் பூட்டிக்கொண்டு வழுக்கியது. விட்டாள். அழுத்தினாள். விட்டாள். ஸ்டியரிங்கை மட்டும் ஆடவிடவில்லை. நேராக... நேராக...

"நான்தான்!" மேனேஜர் அலறினார். "அன்னைக்கும் நான்தான் மிதிச்சேன்! பயத்துல மிதிச்சுட்டேன்! நீ எடு எடுன்னு சொன்னே... நான் எடுக்கலை... ரிப்போர்ட்டை மாத்திடறேன்... மாத்தி எழுதிடறேன்..."

பெடல் மேலே வரவில்லை.

தரையோடு தரையாக அழுந்தியது.

அண்ணனைக் கொன்றவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். கொன்றுவிட்டு, அண்ணன் பெயரிலேயே எழுதியும் வைத்திருக்கிறான். தங்கச்சிக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது.

அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

இதை என்னிடம் சொன்னவள் அவள்தான். மறைக்கவில்லை. "வேணும்னுதான் எடுத்தேன்ணே. ரெண்டு பேருமே போயிடலாம்னு தோணுச்சு. ரெண்டு செகண்ட் எடுத்தேன்."

ஒன்று...

இரண்டு...

காதுக்குப் பக்கத்தில், மூச்சுக் காற்று படுகிற தூரத்தில்:

"பாப்பா. நீ வேணாம்."

அவளைப் பாப்பா என்று கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான்.

அவள் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

டக்.

மேனேஜரின் பெல்ட் பக்கிள்.

டக்.

கதவு.

குதித்தாரா, விழுந்தாரா, இழுக்கப்பட்டாரா, அவளுக்குத் தெரியாது. அவள் கண் தடத்தில் இருந்தது. திரும்பியபோது சீட் காலியாக இருந்தது.

கிளட்ச் பெடல் மெல்ல மேலே வந்தது. எஞ்சின் பிடித்தது. ஒன்றுமே நடக்காததுபோல வண்டி நடக்கிற வேகத்தில் அடிவாரம் வரை போய்ச் சேர்ந்தது. ஹேண்ட் பிரேக் போட்டாள். டயருக்குக் கல் வைத்தாள். மணி நாலு ஐம்பத்தைந்து. தலைக்கு மேலே வூம்... வூம்... என்று இறக்கை மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

மேனேஜர் பாறைத் திட்டுக்குப் பக்கத்தில் கிடந்தார். உயிர் இருந்தது. அண்ணன் கிடந்ததும் அதே இடம்தான். ஒரு அடிகூட வித்தியாசமில்லை.

ஆறு இருபதுக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, "வண்டி ஓட்டினது இவர்தானே?" என்று கேட்டார்.

"நான்தான் டாக்டர் ஓட்டினேன்."

"இல்லையேம்மா. இடது கால் நடுப்பாத எலும்பு நொறுங்கியிருக்கு. கிளட்ச்சை முழு பலத்தோட மிதிச்சுக்கிட்டே அடிபட்டா இப்படி ஆகும். கீழே விழுந்தா இப்படி ஆகாது." உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். மேனேஜரின் இடது உள்ளங்காலில் ரத்தம் கட்டிய ஏழு கோடுகள், வரிசையாக. அவற்றின் குறுக்கே சாய்வாக இன்னொரு கோடு. "பெடல் ரப்பர் பதிஞ்ச மாதிரி இருக்கு. ஆனா தோல் ஷூ போட்டிருந்தார். அதைத் தாண்டி எப்படிப் பதியும்?" போலீஸுக்குக் கொடுக்கப் போட்டோவும் எடுத்துவைத்தார்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? நினைவு திரும்பியதும் மேனேஜர் படுக்கையில் இருந்தபடியே வாக்குமூலம் கொடுத்தார். 'ஓட்டுநர் பதற்றத்தில் கிளட்ச்சை மிதித்தார்.' வார்த்தைக்கு வார்த்தை அதே வரி! சாவின் வாசலைத் தொட்டுவிட்டு வந்தும் அந்த ஆளுக்குப் புத்தி வரவில்லை. தங்கச்சியைத் திங்கட்கிழமை போலீஸ் விசாரணைக்கு வரச்சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை அவள் பட்டறைக்கு வந்தாள். நான் ஒரு வண்டிக்கு அடியில் இருந்தேன். பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னாள்.

"யார் நம்புவாங்கண்ணே? நான் கண்ணால பார்த்தேன். பக்கத்து சீட்டு கிளட்ச்சை அந்த ஆள்தான் மிதிச்சான்."

என் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்தது.

"எந்த கிளட்ச்?"

"அதாண்ணே... அண்ணன் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாரே, அந்தப் பக்கத்துப் பெடல்."

நான் வெளியே வந்து உட்கார்ந்தேன்.

"தங்கச்சி... அந்த வண்டியில அந்தப் பெடலே கிடையாதும்மா."

பதினோரு மாதத்துக்கு முன்னால், வாத்தியாரை அடக்கம் செய்த மறுநாள் காலை, மேனேஜர் என்னிடம் வந்தார். 'பக்கத்து சீட் பெடல் ரெண்டும் வளைஞ்சுபோச்சு. கழட்டிடு. ஓட்டையை அடைச்சிடு. மத்தியானம் இன்ஸ்பெக்டர் வர்றார்' என்றார். கழற்றினேன். இணைப்புக் கம்பியை அறுத்தேன். தரையில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்தேன். பெடல் ஒன்றும் வளைந்திருக்கவில்லை. ஏன் சார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால் வாத்தியார் பெயர் அன்றைக்கே பிழைத்திருக்கும். அதற்காக என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை.

இருவரும் ஓடிப்போய் அந்த வண்டியைத் திறந்தோம். டார்ச் அடித்தேன். தகடு அப்படியே இருந்தது. வெல்டிங் விடவில்லை. பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை.

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கழற்றிய பெடல்களை நான் தூக்கி எறியவில்லை. சாக்கில் சுற்றிப் பட்டறை இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தேன். திங்கட்கிழமை அந்தச் சாக்கோடு நானும் விசாரணைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனால் போகட்டும். இன்ஸ்பெக்டர் சாக்கைத் தூக்கிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். கிளட்ச் பெடலை மேனேஜர் கட்டிலில் வைத்தாராம். வைத்ததுதான் தாமதம், "எடுத்துட்டேன்... எடுத்துட்டேன்..." என்று அலற ஆரம்பித்துவிட்டார். அன்று சாயங்காலமே உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாத்தியார் ரிப்போர்ட்டிலிருந்து அந்த வரியை நீக்கினார்கள். பதினேழு பேருக்கும் அனுமதி திரும்பக் கிடைத்தது. தங்கச்சி ரிப்போர்ட்டின் நகலை அண்ணன் மகன் கையில் கொடுத்துச் சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னாள்.

மேனேஜரின் கால் இன்னும் ஆறவில்லை. சாயங்காலம் நாலு ஐம்பத்திரண்டு ஆனால் இடது கால் விறைத்து நீண்டு மெத்தையை அழுத்துமாம். இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து தூக்கினாலும் மூன்று நிமிடம் கழியும்வரை கால் மேலே எழும்பாதாம்.

பெடலைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டாக்டர் எடுத்த போட்டோவைப் பெடலுக்குப் பக்கத்தில் வைத்தார். ரப்பரில் ஏழு வரி. காலிலும் ஏழு கோடு. ரப்பரின் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு. காலிலும் அதே இடத்தில், அதே சாய்வில்.

"வாத்தியார் செத்த அன்னைக்குப் பதிஞ்ச பழைய தழும்பா இருக்கும். அப்படித்தானே?" என்றார். அப்படித்தான் என்று நான் சொல்ல வேண்டும் என்பதுபோல என் முகத்தையே பார்த்தார்.

நான் அப்படிச் சொல்லவில்லை. ரப்பரில் இருக்கும் அந்த வெட்டு, பெடலைக் கழற்றும்போது என் உளி வழுக்கி விழுந்தது. வாத்தியார் செத்து மூன்று நாள் கழித்து. அதன் பிறகு, விசாரணைக்குக் கொண்டுபோன அந்தத் திங்கட்கிழமை வரை, அந்தப் பெடல் என் பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை.